அச்சு முறுக்கும் அம்மாவின் மணிக்கட்டும்!

டிசம்பர் பிறந்தால் போதும், ஆபீசில் நாகர்கோவில்காரனுக்குத் தனி மரியாதை. பக்கத்து சீட்காரர் தன் காசில் டீ வாங்கித் தருவார். சிடுமூஞ்சி மானேஜர்கூட, "என்னப்பா, கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகலையா?" என்று விசாரிப்பார். லீவு தரும் ஆசையா? அட, நீங்க ஒண்ணு! திரும்பி வரும்போது நாம் கொண்டு வரும் பலகார டின் மேல்தான் அவருக்குக் கண்!

டின்னுக்குள் முக்கியப் புள்ளிகள் இருவர். ஒருவர், முந்திரிக்கொத்து. அதில் முந்திரிப் பருப்பைத் தேடி ஏமாந்த சென்னைவாசிகள் அநேகம். கொடிமுந்திரி என்றால் திராட்சை. வறுத்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மஞ்சள்பொடி போட்ட அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்ட வைத்துப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரியே இருக்கும். தீபாவளி, கல்யாணம், கிறிஸ்மஸ் என்று மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போகிற பலகாரம் இது.

இன்னொருவர், அச்சு முறுக்கு. கேரளத்தில் அச்சப்பம், ஆங்கிலோ இந்தியர் வீட்டில் ரோஸ் குக்கீஸ், இலங்கையில் கோகிஸ். நார்வே, ஸ்வீடன் வீடுகளிலும் கிறிஸ்மஸுக்கு இதே மாதிரி இரும்பு அச்சை எண்ணெயில் முக்குகிறார்கள், மைதா மாவில்!

அமெரிக்காவில் டிசம்பர் வந்தால் பெப்பர்மின்ட் குக்கீ சுடுகிறார்கள். நமக்குப் பெப்பர்மின்ட் என்றால் பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க வாயில் போடுகிற மிட்டாய்! 'குக்கீ' என்பதே டச்சுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அந்த டச்சுப் படையை 1741-ல் குளச்சலில் மண்ணைக் கவ்வ வைத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா. அவர் ஆண்ட மண்ணில் அச்சு முறுக்கு இருக்கும்போது குக்கீக்கு ஏங்குவானேன்?

இத்தனை வீரம் பேசுகிற நான், போன வருஷம் வரை அச்சுக் கம்பியைத் தொட்டதில்லை. தின்பது மட்டுமே என் டிபார்ட்மென்ட்.

போன டிசம்பரில் அம்மாவின் மணிக்கட்டு 'ஸ்டிரைக்' அறிவித்தது. "கம்பியப் பிடிக்க முடியல. இந்த வருசம் கடையில வாங்கிக்கலாம் மக்களே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அச்சைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்த விதம் இருக்கிறதே... எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கம்பியை இறக்கினேன்.

"ஒனக்கு வராது மக்களே!"

"நீங்க ஸ்டூல்ல இருந்து சொல்லுங்கம்மா. நான் செய்யுதேன்."

அரைக் கிலோ பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்துச் சலித்த மாவு. இரண்டு முட்டை, இருநூறு கிராம் சர்க்கரை, கறுப்பு எள், ஒரு சிட்டிகை உப்பு. கரண்டி முதுகில் படிகிற பதம் வரும்வரை கெட்டித் தேங்காய்ப்பால். இவ்வளவுதான் விஷயம்... என்று நினைத்தேன்.

முதல் முறுக்கு அச்சை விட்டு வரவே இல்லை. அச்சு சூடேறவில்லையாம். இரண்டாவது, அச்சுக்கு மேலும் மாவு ஏறி மூடிக்கொண்டது. ஈர்க்குச்சியால் சுரண்டினேன். மூன்றாவதை அம்மா பார்க்குமுன் நானே தின்றுவிட்டேன்.

"அச்சு எண்ணெயிலயே கிடந்து காயணும். மாவுல முக்கால்தான் முங்கணும். 'ஸ்ஸ்'னு சத்தம் கேக்கணும். திரும்ப எண்ணெயில விட்டு, ஓரம் செவக்கும்போது மெதுவா ஒரு ஆட்டு ஆட்டு."

ஏழாவது முறுக்கு, பூ மாதிரி கழன்று மிதந்தது. அம்மா எடுத்துப் பார்த்தார். உடைத்தார். 'படக்'கென்று சத்தம். "ம்... கொள்ளாம்" என்றார். பத்து வருஷ சர்வீஸில் இப்படி ஓர் இன்கிரிமென்ட் நான் வாங்கியதில்லை!

அன்று ராத்திரி பதினொரு மணி வரை பொரித்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். ஒன்று கழன்றால்தான் அடுத்தது. முப்பது வருஷமாக அம்மா இப்படித்தான் நின்றிருக்கிறார். நாமோ டின்னைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாமே" என்று கேட்டுவிட்டு ரயிலேறியிருக்கிறோம்.

வாலிபர்களே, இந்த டிசம்பரில் ஊருக்குப் போனால் அடுப்புப் பக்கம் ஒருதரம் நின்று பாருங்கள். கைப்பக்குவம் கேட்டு வருவதில்லை, சுட்டுத்தான் வரும். சொல்லித்தர ஆள் இருக்கும்போதே சுட்டுக்கொள்வது நல்லது.

ஆபீசில் டின் ஐந்தே நிமிஷத்தில் காலி. "எந்தக் கடை?" என்றார் மானேஜர்.

"நான் செஞ்சது சார்."

ஆபீசே சிரித்தது. ஒருத்தரும் நம்பவில்லை.

போகட்டும். அம்மா நம்புகிறார். நேற்று போனில் சொன்னார்: "இந்த வருசம் ரெண்டு நாள் முன்னாடியே வா மக்களே. முந்திரிக்கொத்தும் ஒன் பொறுப்புதான்!"