கூடிப் படித்தவர்களின் சாலை

விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடத் தொடங்கிவிடும் பூந்தமல்லி – ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையையும், அங்கிருந்து தெற்கே ஒரகடத்துக்குப் பிரியும் சாலையையும், கார்களும் லாரிகளும் கைப்பேசிகளும் உற்பத்தியாகும் பிரதேசமென்றே இன்று உலகம் அறிந்திருக்கிறது. ஆனால், ஒரு தமிழ் நூலைப் பலர் கூடியிருந்து படித்து, ஒருவர் கண்ட நயத்தை மற்றவர் கேட்டு மகிழ்ந்து, மாறுபட்ட கருத்தையும் மரியாதையோடு ஏற்று வைத்துக்கொண்ட ரசனையின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவரும் இதே சாலையிலிருந்து தொடங்கலாம். பூந்தமல்லி, வைணவப் பெரியவரான திருக்கச்சி நம்பியின் ஊர். நசரத்பேட்டை முதலியாண்டான் பிறந்த ஊர். ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டில் இராமானுஜர் அவதரித்ததாகச் சம்பிரதாயம் கொண்டாடும் தலம். அதற்கு அருகிலுள்ள மதுரமங்கலம் அவருடைய சிறிய தாயாரின் குமாரரான எம்பாருக்கு உரியது. காஞ்சியை நெருங்கினால் கூரம், கூரத்தாழ்வானுடையது. பின்னாளில் திருவரங்கத்தில் இராமானுஜரைச் சூழ்ந்து அமர்ந்த கோஷ்டியின் முக்கியமான அங்கங்கள் இந்த ஒரு வட்டாரத்திலிருந்தே புறப்பட்டுச் சென்றன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் பூரிக்கிறது.

அந்தக் கோஷ்டியின் இயல்பை விளக்க குருபரம்பரை சொல்லும் ஒரு சம்பவம் போதும். தமக்கு முந்தைய ஆசாரியரான ஆளவந்தாரின் சீடர் திருமலையாண்டானிடம் இராமானுஜர், நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டு வந்தார். ஆசிரியர் சொன்ன பொருளைக் கேட்டுவிட்டு, சில பாசுரங்களுக்கு, ‘இப்படியும் கொள்ளலாமே’ என்று வேறொரு பொருளை அவர் விண்ணப்பிப்பதுண்டு. ஆளவந்தாரிடம் தாம் கேட்டறியாத பொருள்களைச் சீடர் சொல்வதைப் பொறாத ஆண்டான் பாடம் சொல்வதையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்த, ஆளவந்தாரின் மற்றொரு சீடரான திருக்கோஷ்டியூர் நம்பி வந்து விசாரித்து, இராமானுஜர் சொன்ன பொருள்கள் ஆளவந்தார் வாயிலாகவே தாம் கேட்டவை என்று எடுத்துரைத்த பிறகு பாடம் தொடர்ந்தது. மறுபடியும் ஒரு பாசுரத்தில் கருத்து மாறியபோது, ஆளவந்தாரை நேரில் கண்டறியாத நீர் அவர் திருவுள்ளத்தை எவ்வாறு அறிவீர் என்று ஆண்டான் கேட்க, துரோணருக்கு ஏகலவ்யன் போலத் தாம் ஆளவந்தாருக்கு என்று இராமானுஜர் பதில் சொன்னாராம்.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பின்விளைவுதான். இராமானுஜரோ உலகம் வணங்கும் ஆசாரியராகிவிட்டார். அவர் வழிவந்தவர்கள் ஆண்டான் சொன்ன பொருளை மெல்ல மறைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பல தலைமுறைகளுக்குப் பிறகு எழுந்த ‘ஈடு’ என்னும் வியாக்கியானத்தில், ஆண்டான் இப்படிப் பொருள் சொன்னார், எம்பெருமானார் (இராமானுஜர்) இப்படி அருளிச்செய்தார், கூரத்தாழ்வானின் குமாரரான பட்டர் வேறுவிதமாகச் சொன்னார் என்று, அவரவர் பெயரோடு அவரவர் ரசனையும் பதிவாகியிருக்கிறது. ஒரு செய்யுளைப் பற்றி உடனிருந்து படித்தவர் சொன்ன வார்த்தையைச் சொத்தாகக் கருதிக் காப்பாற்றிய சமூகத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

திருவாய்மொழி வியாக்கியானங்களின் வளர்ச்சியும் கூட்டு வாசிப்பின் வளர்ச்சியே. இராமானுஜரின் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. ஒரு படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. நஞ்சீயர் எழுதிய ஒன்பதினாயிரப்படியைப் பிரதி செய்ய எடுத்துச் சென்ற இளைஞர் ஒருவர், காவிரியை நீந்திக் கடக்கையில் ஏட்டை வெள்ளத்தில் பறிகொடுத்து, நினைவிலிருந்தே முழுவதையும் எழுதி, இடையிடையே தமக்குத் தோன்றிய நயங்களையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நடந்ததை அறிந்த நஞ்சீயர் அவரை ஆரத் தழுவிக்கொண்டார் என்பது வரலாறு. அந்த இளைஞரே நம்பிள்ளை. அவர் சொன்ன காலட்சேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு. நம் காலத்தில் பு.ரா. புருஷோத்தம நாயுடு அதைத் தமிழாக்கித் தர, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஈட்டின் வடமொழி கலந்த மணிப்பிரவாள நடைக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்கள் அந்தத் தமிழாக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

இப்படிக் கூடிப் படிக்கும் இலக்கிய இன்பம் ஓய்வும் செல்வமும் உள்ளவர்களுக்கே வாய்ப்பது என்று சொல்வாருண்டு. நான் அதை ஒப்புவதில்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் உண்டு; பகலெல்லாம் கட்டுகளோடும் கச்சேரியோடும் மன்றாடியவர்கள், கம்பனின் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பதில் இளைப்பாறினார்கள். காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும் அந்த ஆர்வத்தின் விளைவே. உழைத்துக் களைத்தவனுக்கே இந்த இன்பம் அதிகமாக உரைக்கும் என்பது என் துணிபு.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடையில், நைட் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற இரு இளைஞர்கள், ‘பொன்னியின் செல்வ’னில் வரும் நந்தினி இரக்கத்துக்கு உரியவளா அல்லவா என்று வாதாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒருவர் ஊர் தென்காசிப் பக்கம், மற்றவர் தருமபுரிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. “அண்ணே, அவ பக்கம் நியாயமே இல்லைங்கிறீங்களா?” என்று இளையவர் கேட்க, மூத்தவர் கையிலிருந்த டீ ஆறுவதையும் கவனியாமல், ஆதித்த கரிகாலனின் மரணம் வரைக்கும் கதையைப் பின்னோக்கிச் சொல்லிப் பதில் கூறினார். ஊரும் உறவும் வேறான இருவரை அந்த அதிகாலையில் சகோதரர்களாக்கியது ஒரு நாவல்.

இத்தகையவர்கள் இங்கே ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமுண்டு. பல மாவட்டங்களிலிருந்து வந்து ஓர் அறையில் சேர்ந்து வாழும் இந்தப் பெண்களுள் கதை படிப்பவள், கவிதை எழுதி மறைத்து வைப்பவள், பாட்டி சொன்ன கதைகளைப் பொக்கிஷமாகக் காப்பவள் நிச்சயம் இருப்பாள். அவளுக்கு இணையான இன்னொருத்தி அடுத்த கட்டிலிலேயே இருந்தும், ஷிப்ட் மாறி மாறி வருவதால் இருவரும் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச நேராமலே போகக்கூடும்.

ஆகவே விடுதிகளை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டி ஓர் அறையையும் ஓர் அலமாரியையும் புத்தகங்களுக்கென்று ஒதுக்குங்கள், எந்த ஷிப்டில் வருகிறவருக்கும் அது திறந்திருக்கட்டும். தொழிலாளத் தோழர்களே, வார விடுமுறை நாளில் நால்வர் கூடினாலும் போதும், ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். உங்களோடு கருத்து மாறுபடுகிறவரைத் தவறாமல் அடுத்த வாரமும் அழையுங்கள்.