தானாக வந்தால் அது கடத்தலா?

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணே ஸ்டேஷன்ல 'நானாத்தான் வந்தேன்'னு சொல்லிடுச்சு. அப்புறம் எப்படி கடத்தல் கேஸ்?" ஊரிலிருந்து சித்தப்பா முறை உள்ள ஒருவர் போனில் கேட்டார். அவர் மகனுக்கு 20 வயது, அந்தப் பெண்ணுக்கு 17. நான் வக்கீல் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

கடத்தல் என்றால் நமக்கு சினிமா வேனும் முகமூடியும்தான் ஞாபகம் வரும். சட்டத்துக்கு அது எதுவும் தேவையில்லை. 18 வயது நிறையாதவரை, சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் அழைத்துப் போனாலோ ஆசை காட்டி வரவழைத்தாலோ போதும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 361. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 137. தண்டனை 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். சட்டம் கேட்பது பெற்றோரின் சம்மதத்தை. பிள்ளையின் சம்மதம் கணக்கிலேயே வராது.

அப்படியானால் 'நானாத்தான் வந்தேன்' என்பதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, வேறொரு இடத்தில். 'அழைத்துப் போனால்' என்ற சொல்லில்.

1960-ல் மதராஸில் ஒரு கல்லூரி மாணவி. 18 நிறைய ஒன்றரை மாதம் பாக்கி. அவரே போன் செய்து இளைஞரை காரோடு வரச் சொல்லி, வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பிப் போய்ப் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். இளைஞருக்குக் கிடைத்த சிறைத்தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 1964-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இதுதான் வரதராஜன் வழக்கு. விவரம் தெரிந்த பெண் தானாக வர, கூட வர விட்டது வேறு, அழைத்துப் போனது வேறு என்றது தீர்ப்பு. வீட்டை விட்டு வரும்படி அவன் எப்போதாவது தூண்டினானா, வாக்குறுதி கொடுத்தானா என்பதுதான் கேள்வி.

ஆனால் இது கடத்தல் குற்றச்சாட்டுக்கு மட்டும். 2012-ன் போக்சோ சட்டம் தனி. அதில் 18-க்குக் கீழே சம்மதம் செல்லாது. உடலுறவு நிரூபணமானால் இப்போது குறைந்தபட்சமே 10 ஆண்டு.

சித்தப்பாவிடம் இரண்டும் சொன்னேன். "மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம்னு பையன்கிட்ட சொல்லுங்க, யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு அதுலதான் இருக்கும். நாளைக்கே நல்ல கிரிமினல் வக்கீலைப் பாருங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "10 வருஷமாப்பா?" என்றார்.