மூக்குக்காரருக்கு ஒரு நுண்ணோக்கி

மூக்கு நுனியில் மிளகளவு எழும்பும் ‘பேசல் செல்’ புற்றுநோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை, மூக்கைப் பறிக்கும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். தோலுக்கடியில் அது எந்தப் பக்கம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. முதுகில் வந்தால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டிவிடலாம். கண்ணிமையில் அந்தத் தாராளத்துக்கு இடமேது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்த ஃப்ரெடெரிக் மோஸ், எலிகளின் கட்டிகளில் துத்தநாகக் குளோரைடைச் செலுத்திப் பார்த்தார். திசு செத்தது, ஆனால் செல்களின் அமைப்பு குலையவில்லை. 1936இல் அதையே பசையாக்கி நோயாளிகளுக்குப் பூசத் தொடங்கினார். பசை ஊற ஒரு நாள். மறுநாள் வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். மிச்சமிருந்தால் மறுபடி பசை, மறுபடி எரிச்சல். நோயாளிகள் பொறுமைசாலிகள்தான்! 1970களில் பசை விடைபெற்றது. மரத்துப்போக ஓர் ஊசி போதும் என்றானது.

இன்றைய முறையில் கத்தியைச் சாய்த்துப் பிடித்துத் தட்டுப்போல ஒரு மெல்லிய அடுக்கை எடுக்கிறார்கள். ஓரங்களில் வண்ண மை தடவி, முகத்தில் எந்த இடம் என்று வரைபடம் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு அதை அமுக்கித் தட்டையாக்கி உறையவைத்து, அடிப்புறத்திலிருந்து சீவுகிறார்கள். சூட்சுமம் இங்கேதான். வழக்கமான ஆய்வகத்தில் திசுவை ரொட்டிபோல நெட்டுக்குத்தாக நறுக்கிச் சில துண்டுகளை மட்டும் பார்ப்பார்கள். ஓரத்தில் 1 சதவீதம்கூடக் கண்ணில் படாது. மோஸ் முறையில் அடியும் ஓரமும் ஒரே தளத்தில் முழுசாக விரிந்துவிடுகின்றன.

பார்ப்பவரும் வெட்டியவரும் ஒருவரே என்பது இன்னொரு பலம். கட்டுப் போட்டுக்கொண்டு நோயாளி வெளியே காத்திருக்க, வரைபடத்தில் புற்று தென்பட்ட மூலையில் மட்டும் அடுத்த அடுக்கு எடுக்கப்படும். முதல்முறை வந்த பேசல் செல் புற்று ஐந்தாண்டுகளுக்குத் திரும்பாதிருப்பது ஏறக்குறைய 99 சதவீதம். ஒரு பகல் முழுக்க மருத்துவமனையில் கழிவதும், செலவும்தான் குறை. அதனால் முகம் போன்ற நெருக்கடியான இடங்களுக்கே இதை ஒதுக்குகிறார்கள்.

பள்ளம் பெரிதானால் நெற்றித் தோல் கைகொடுக்கும். திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனேயில் இப்படி மூக்கு வைத்த செய்தியை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றார்கள். இன்றும் புருவத்தருகே ரத்தக்குழாயோடு ஒரு காம்பை விட்டுவைத்து நெற்றித் தோலைத் திருப்பி மூக்கில் தைக்கிறார்கள். புது இடத்தில் ரத்தவோட்டம் பிடிக்கச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதன்பிறகே காம்பை அறுப்பார்கள்.