வீடு கட்டுமுன் செலவுக் கணக்கு

வீடு கட்ட முனையும் அங்கத்தினர் பலர், மேஸ்திரி கூறும் சதுரக் கணக்கையே முழுச் செலவாகக் கருதிவிடுகின்றனர். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. அக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, சுற்றுச்சுவர் ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. இவற்றையும் கூட்டிய பின்னரே வீட்டின் அளவை முடிவு செய்தல் வேண்டும். 2025 செப்டம்பரில் சிமெண்டு மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. அதற்கு முந்தைய எஸ்டிமேட்டாயின் திருத்தி வாங்குக.

கடன் தொகை பெரும்பாலும் ஒரே தடவையில் கைக்கு வருவதன்று. அஸ்திவாரம், லிண்டல், தளம் என வேலை முடிய முடியத் தவணையாகவே வரும். இடையில் கையிருப்பு போதாதெனில் நகை அடகுக்குப் போகும். அவ்வட்டி எந்த எஸ்டிமேட்டிலும் இராது.

நெசவாளர்க்கு ஒரு சொல்: குழித்தறிக்குரிய குழியைத் தரை போடுமுன்பே கட்டிவிடுக. முன்னறையைக் குறுக்கினும் தறிக்கூடத்தைக் குறுக்கற்க.