வெளிநாட்டு வாழ்க்கைத்துணைக்கான இந்திய விசா வழிகளும் கும்மிடிப்பூண்டி முகாமும்

இந்தியக் குடிமக்களில் ஒருவர் வேறு நாட்டவரை மணந்து இந்தியாவில் குடும்பம் நடத்த விரும்பினால், அந்த வாழ்க்கைத்துணை இங்கே தங்குவதற்குச் சட்டம் மூன்று படிகளை வைத்துள்ளது. முதலாவது நுழைவு விசா. இரண்டாவது ஓசிஐ அட்டை எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை. மூன்றாவது பதிவுவழிக் குடியுரிமை. கடவுச்சீட்டுடன் வானூர்தி நிலையம் வழியாக வந்திறங்கும் ஒருவருக்கு இம்மூன்றும் வரிசையாகத் திறந்திருக்கின்றன. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவருக்கு அவை பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைச் சேர்ந்த ஒருவரை உள்ளூர்வாசி ஒருவர் மணக்கும்போது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

திருமணமே அடிப்படை

இந்திய விசா விதிகளில் மணமாகாத இணையருக்கென்று தனி விசா இல்லை. அமெரிக்காவில் நிச்சயிக்கப்பட்டவருக்கு கே-1 விசா வழங்கப்படுகிறது. அதில் வருபவர் 90 நாட்களுக்குள் திருமணம் செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் அத்தகைய வகை கிடையாது. பதிவு செய்யப்பட்ட திருமணமே வாழ்க்கைத்துணை என்ற தகுதிக்கு ஆதாரம். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது.

திருமணத்தைப் பல சட்டங்களின்கீழ் நடத்தலாம். சமயம், நாடு எதுவாயினும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இச்சட்டப்படி, இருவரில் ஒருவராவது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு வெளியான பின் மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் நடக்கும் திருமணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி நடத்திப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும், சமய வேறுபாடின்றி, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயம். இப்பதிவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம்.

நுழைவு விசா

எக்ஸ் விசா என்றும் அழைக்கப்படும் நுழைவு விசா, இந்தியக் குடிமக்களின் வெளிநாட்டு வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. விண்ணப்பிப்பவர் தம் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும். இலங்கையைப் பொறுத்தவரை கொழும்பில் இந்திய உயர் ஆணையமும், கண்டியில் துணை நிலை அலுவலகமும், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்களும் உள்ளன. திருமணச் சான்று, செல்லத்தக்க கடவுச்சீட்டு, இந்தியத் துணையின் குடியுரிமைச் சான்று ஆகியவை முதன்மை ஆவணங்கள்.

வேறு வகை விசாவில் இந்தியாவுக்கு வந்த ஒருவர் இங்கேயே இந்தியரை மணந்தால், அந்த விசாவை நுழைவு விசாவாக மாற்றித் தருமாறு கேட்கலாம். தொழிற்சாலைப் பணிக்காக வந்த வெளிநாட்டுப் பொறியாளர் போன்றோருக்கு இது பயன்படும். விண்ணப்பத்தின்போது இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்பதும், வெளிநாட்டவரின் பின்னணியும் விசாரிக்கப்படும். சென்னையில் இப்பணியைச் செய்வது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இயங்கும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் வந்த 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவும் நீட்டிப்பும் இப்போது இணையம் வழியாகவே நடைபெறுகின்றன.

ஓசிஐ அட்டை

திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் நீடித்திருந்தால், வெளிநாட்டுத் துணை ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு இதற்கு வழி செய்கிறது. முன்கூட்டிய பாதுகாப்பு ஒப்புதல் தேவை. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களும், பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி ஆகியோரில் எவரேனும் அந்நாடுகளின் குடிமக்களாக இருந்தவர்களும் இதைப் பெற முடியாது.

அட்டை பெற்றவர் ஆயுள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தியா வந்து செல்லலாம். காவல்துறைப் பதிவு தேவையில்லை. விவசாய நிலம், தோட்ட நிலம் வாங்குவது தவிர, பொருளாதாரம், கல்வி ஆகியவற்றில் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இணையான வசதிகள் கிடைக்கும். பெயரில் குடிமக்கள் என்ற சொல் இருந்தாலும் இது குடியுரிமை அன்று; வாக்குரிமை கிடையாது. திருமண அடிப்படையில் பெற்ற அட்டை, மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகக்கூடும்.

பதிவுவழிக் குடியுரிமை

இந்தியரை மணந்ததால் மட்டும் எவரும் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 5(1)(சி) பிரிவின்படி, இந்தியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்தவர் பதிவு கோரி விண்ணப்பிக்கலாம். ஏழு ஆண்டுகள் என்பதற்குச் சட்டமே கணக்கு சொல்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களும் முழுமையாக இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளேனும் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கும் செல்லும். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. எனவே பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும்.

இப்பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிப்பவர் "சட்டவிரோதக் குடியேறி" ஆக இருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கும்மிடிப்பூண்டி முகாம்

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் கூடூர் தொடர்வண்டிப் பாதையிலும் அமைந்த ஊர். சென்னைப் புறநகர் தொடர்வண்டிகள் இதுவரை வருகின்றன. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள் முதல் பலவகைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1990இல் இங்கு ஏற்பட்ட முகாம், மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் மாதத்தில் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வாழ்வோரும் பல்லாயிரவர்.

முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் உள்ளூர்ப் பள்ளிகளில் படித்து, வண்ணம் பூசும் வேலைக்கும் தொழிற்சாலை ஒப்பந்த வேலைக்கும் செல்கின்றனர். பேசும் மொழி ஒன்று. கோயிலும் தேவாலயமும் பொது. முகாமுக்கும் ஊருக்கும் இடையே காதலும் கல்யாணமும் நிகழ்வது இயல்பே. திருமணத்துக்குத் தடையில்லை, அதைப் பதிவும் செய்யலாம். ஆனால் பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பிறகும், சட்டத்தின் கண்ணில் ஒருவர் குடிமகன், மற்றவர் வெளிநாட்டவர். முகாமில் பதிவுள்ளவர் வெளியூர் செல்ல அனுமதி பெற வேண்டும். கணக்கெடுப்பு நாளில் நேரில் இருக்க வேண்டும். ஆதார் அட்டை கிடைத்தாலும் அது வசிப்பிடத்துக்கான சான்றே தவிர குடியுரிமைச் சான்று அன்று.

"சட்டவிரோதக் குடியேறி" என்ற வரையறை

குடியுரிமைச் சட்டத்தின் 2(1)(பி) பிரிவு இச்சொல்லை விளக்குகிறது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவரும், ஆவணத்துடன் வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் இதில் அடங்குவர். தலைமன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறி இராமேசுவரம் பக்கம் இறங்கியவர்களிடம் கடவுச்சீட்டு இருந்திருக்க வாய்ப்பில்லை. அரசே அவர்களைப் பதிவு செய்து, முகாமில் தங்கவைத்து, உதவித்தொகையும் வழங்கியது. ஆயினும் அகதி என்ற தகுதிக்கு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இடமில்லை. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. ஆகவே முகாமைச் சேர்ந்த துணை, இந்தியரை மணந்து இருபது ஆண்டுகள் ஆனாலும், 5(1)(சி) பிரிவின் வாசலில் நிறுத்தப்படுகிறார்.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு இவ்வரையறையிலிருந்து விலக்கு அளித்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை.

பிள்ளைகளின் நிலை

இந்த வரையறை தம்பதியரோடு நிற்பதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களின் குடியுரிமையை 3ஆம் பிரிவு மூன்று காலங்களாகப் பிரிக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்: பெற்றோர் யாராயினும் பிறப்பால் குடிமகன்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் பிறப்பின்போது சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஊரைச் சேர்ந்த தந்தைக்கும் முகாமைச் சேர்ந்த தாய்க்கும் 2003இல் ஒரு பிள்ளையும் 2006இல் ஒரு பிள்ளையும் பிறந்ததாகக் கொள்வோம். சட்டத்தின் சொற்படி மூத்த பிள்ளை இந்தியக் குடிமகன். இளைய பிள்ளை அல்ல. வீடு, பள்ளி, குடும்ப அட்டை எல்லாம் ஒன்றாக இருந்தும், கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் அரசு வேலைத் தேர்விலும் இருவரின் பாதை பிரிந்துவிடுகிறது. பிறந்த நேரத்து நிலையையே சட்டம் பார்ப்பதால், தாய் பிற்காலத்தில் முறையான விசா பெற்றாலும் இளைய பிள்ளையின் நிலை தானாக மாறாது.

தீர்ப்புகளும் 2025ஆம் ஆண்டின் விலக்கும்

முகாம் மக்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையோடு தொடர்புடைய இவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். இவ்வாறு முகாம்களில் வாழ்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே கிளை 2022இல் உத்தரவிட்டது. அவர் 1987 ஜூலைக்கு முன் பிறந்ததே அதற்குக் காரணம்.

2025 செப்டம்பர் 1 அன்று குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தது. இது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கியது. அதனுடன் வெளியான விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா தேவையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆவணமின்றி வந்ததற்காகத் தண்டிக்கப்படும் அச்சம் இதனால் நீங்குகிறது.

இந்த விலக்கு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மேற்சொன்ன மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கும் முதலில் 2015இலும் 2016இலும் இத்தகைய விலக்கே தரப்பட்டது. அவர்களைச் "சட்டவிரோதக் குடியேறி" வரையறையிலிருந்து வெளியே எடுக்க 2019இல் நாடாளுமன்றம் தனியே சட்டத் திருத்தம் செய்தது. இலங்கைத் தமிழருக்கு முதற்படி கிடைத்திருக்கிறது. இரண்டாவது இன்னும் இல்லை.

நடைமுறையில் உள்ள வழிகள்

இலங்கையிலிருந்து புதிதாகக் கடவுச்சீட்டுடன் வரும் துணைக்குப் பாதை நேரானது: நுழைவு விசா, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓசிஐ அட்டை, ஏழு ஆண்டுகளுக்குப் பின் குடியுரிமை விண்ணப்பம். விசாக் காலம் முடியும் முன் நீட்டிப்புக் கோருவது முக்கியம். ஒருமுறை காலம் கடந்தால் அவரும் மேற்சொன்ன வரையறைக்குள் விழக்கூடும்.

முகாமில் உள்ள துணைக்கு ஏட்டளவில் இன்னொரு வழி உண்டு. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையத்தில் இலங்கைக் கடவுச்சீட்டு பெற்று, வெளியேறும் அனுமதியுடன் இலங்கை சென்று, அங்கிருந்து நுழைவு விசாவில் திரும்பி வரலாம். ஆனால் விசா வழங்குவது அரசின் விருப்பத்துக்கு உட்பட்டது. முகாமிலேயே பிறந்தவருக்கு இலங்கை முன்பின் தெரியாத நாடு. விசா கிடைக்கும் வரை கணவனையும் பிள்ளைகளையும் பிரிந்திருக்க வேண்டும். முகாம் பதிவையும் வீட்டையும் இழக்க நேரலாம். குடும்பங்கள் இவ்வழியில் இறங்கத் தயங்குவதற்கு இவையே காரணங்கள்.

எந்த வழிக்கும் ஆவணங்களே அடித்தளம். திருமணத்தை உரிய காலத்தில் பதிவு செய்வது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றைப் பெறுவது, முகாம் பதிவு அட்டை, பள்ளிச் சான்றுகள், பெற்றோரின் பழைய தாள்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பது அவசியம். மலையகத் தமிழராயின் முன்னோர் இந்தியாவில் பிறந்ததைக் காட்டும் எந்தத் தாளும் பயன்படும். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிறப்புப் பதிவு போன்றவற்றில் முகாம் மக்களுக்கு உதவி வருகிறது. நாளை சட்டம் மாறினாலும், நீதிமன்றம் வழி திறந்தாலும், முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்கள்தாம்.