பழைய கணினியில் லினக்ஸ்: ஷட்டவுன் கொடுத்தும் அணையவில்லையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்திருக்கிறீர்களா? நல்ல முடிவுதான். ஆனால் ஷட்டவுன் கொடுத்தால் திரை மட்டும் இருண்டு, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படியே உறைந்துவிடலாம்.

உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். டிஸ்கில் எழுதி முடியாத கோப்புகள் பாழாகலாம். குடும்பப் படங்களும் பத்திரங்களின் ஸ்கேனும் அதில்தானே இருக்கின்றன?

முதலில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அணையும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், லோகோவுக்குப் பின்னால் ஓடும் வரிகள் பெரும்பாலும் தெரியும். 'எ ஸ்டாப் ஜாப் ஈஸ் ரன்னிங்' என்று வந்து நேரம் ஓடினால், ஏதோ ஒரு புரோகிராம் மூட மறுக்கிறது என்று பொருள். வழக்கமாக ஒன்றரை நிமிடம் பொறுத்தால் சிஸ்டமே அதைக் கட்டாயமாக நிறுத்திவிடும். நெட்வொர்க்கில் இணைத்த ஃபோல்டர் இருந்தால், அணைக்கும் முன் அதைத் துண்டித்துப் பாருங்கள்.

கடைசி வரியாக 'பவர் டவுன்' வந்த பிறகு நின்றால் கதை வேறு. டிஸ்க் வேலை அதற்குள் முடிந்திருக்கும். அப்போது பட்டனை அழுத்தி அணைப்பதால் கோப்புகளுக்குக் கேடில்லை. கோளாறு மதர்போர்டின் பயாஸுக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் இடையில் இருக்கிறது. கணினியை அணைப்பதும் மறுபடி கிளப்புவதும் 1996-இல் வெளியான ஏசிபிஐ என்ற விதிமுறைப்படி நடக்கின்றன. பழைய போர்டுகள் பலவற்றில் அது அரைகுறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சில டெல் மாடல்கள் உட்பட, ரீஸ்டார்ட்டில் தகராறு செய்யும் கணினிகளின் பட்டியல் கெர்னலுக்குள்ளேயே உண்டு. உங்கள் மாடல் அதில் இல்லையென்றால் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணினியைப் போட்டவுடன் ஷிஃப்டைப் பிடித்தால் (புதிய வகை பயாஸில் எஸ்கேப்பைத் தட்டினால்) கிரப் மெனு வரும். 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'ரீபூட்=பிசிஐ' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ரீஸ்டார்ட் சரியாக நடந்தால் கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டிவிடலாம். நடக்காவிட்டால் பிசிஐக்குப் பதில் பயாஸ், கேபிடி என ஒவ்வொன்றாக முயலுங்கள்.

இது ரீஸ்டார்ட்டுக்கான மருந்து. ஷட்டவுனுக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு பயாஸை டீஃபால்ட் நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அணைந்த உடனே தானாக மறுபடி எழுந்துகொள்கிறதா? பயாஸில் 'வேக் ஆன் லேன்' வசதியை அணைத்துப் பாருங்கள்.

'ஏசிபிஐ=ஆஃப்' போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ஏசிபிஐ இல்லாவிட்டால் இன்றைய லினக்ஸில் கணினி தானாக அணையவே அணையாது. லேப்டாப்பில் பேட்டரி அளவும் தெரியாமல் போகும்.