விவாகரத்தும் மனச்சாட்சியும்

இல்லறம் நல்லறமாக அமைவது பெரும் பேறு. அவ்வாறு அமையாதுபோன இல்லத்தில் வாழ்வோரின் துயரமோ அயலார் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று. மணவாழ்வை ஆயுள் முழுவதற்குமான திருவருட்சாதனமாகப் போற்றும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அத்தகைய முறிவு நேரும்போது, இருக்கும் வேதனையுடன் மற்றொரு வேதனையும் சேர்ந்துகொள்கின்றது. "நான் இறைவனுக்கும் ஆகாதவளாகிவிட்டேனோ?" என்னும் ஐயமே அது. கணவனால் கைவிடப்பட்டு, நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்புப் பெற்ற பெண்ணொருத்தி, இனித் தேவநற்கருணை பெறத் தனக்குத் தகுதி இல்லையெனத் தானே முடிவுசெய்து, கோவிலின் கடைசி வாங்கில் ஒதுங்கி அமர்வதுண்டு. அவளை அவ்வாறு எண்ணச் செய்வது திருச்சபையின் சட்டமா, உற்றார் உறவினரின் பேச்சா? இதனைத் தெளிந்துகொள்வது எல்லாக் குடும்பங்களுக்கும் நன்மை பயக்கும்.

பிரிவு வேறு, மறுமணம் வேறு

ஞானஸ்நானம் பெற்ற இருவர் செல்லுபடியாக மணந்து இல்லறம் தொடங்கியபின், அப்பிணைப்பை மரணமன்றி எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க இயலாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. நம் நாட்டிலே 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் வழங்கும் விவாகரத்து, அரசாங்கச் சட்டத்தின் பார்வையில் மணத்தை முடித்துவிடுகின்றது. திருச்சபையின் பார்வையிலோ மணப்பிணைப்பு அப்படியே நிற்கின்றது.

எனினும், பிணைப்பு நிற்கின்றது என்பதனால் அடியையும் உதையையும் தாங்கிக்கொண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துதான் ஆகவேண்டும் என்று திருச்சபை கூறவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் பெருந்தீங்கு நேருமாயின் பிரிந்து வாழலாம் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இடமளிக்கின்றது. பிள்ளைகளின் பராமரிப்பு, சொத்துரிமை முதலியவற்றைக் காப்பதற்கு வேறு வழி இல்லாதபோது, நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெறுவதும் குற்றமாகாது என 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் விளக்குகின்றது. தன் பிழையின்றிக் கைவிடப்பட்டவர் எந்த நெறியையும் மீறியவர் அல்லர் என்பதையும் அந்நூல் ஒப்புக்கொள்கின்றது.

ஆகவே, விவாகரத்துப் பெற்றும் மறுமணம் செய்யாது வாழ்பவர், அந்தக் காரணத்துக்காக நற்கருணையினின்றும் விலக்கப்பட்டவர் அல்லர். முதல் துணைவர் உயிருடன் இருக்கையில் மற்றொருவரை மணக்கும்போதே சிக்கல் எழுகின்றது.

செல்லாத மணம் எது?

சிலர் திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பைக் 'கத்தோலிக்க விவாகரத்து' என்று கூறுவர். அது தவறு. விவாகரத்து, இருந்த மணத்தை முறிப்பது. திருச்சபை நீதிமன்றமோ, தொடக்கத்திலேயே உண்மையான மணம் அமைந்திருந்ததா என்று ஆராய்கின்றது. அச்சுறுத்தலால் பெறப்பட்ட சம்மதம், முக்கியமான உண்மையை மறைத்த வஞ்சகம், மணக்கடமைகளை ஏற்க இயலாத மனநிலை ஆகியன மணத்தைச் செல்லாததாக்கலாம். அவ்வாறு தீர்ப்பானாலும், இருவரில் ஒருவரேனும் நல்லெண்ணத்துடன் மணந்திருந்தால் பிறந்த பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களே.

இந்த விசாரணை நெடுங்காலம் இழுபடுவதைக் கண்ட பாப்பரசர் பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டில் அதனைச் சுருக்கினார். ஒரு தீர்ப்பை இரண்டாவது நீதிமன்றமும் உறுதிசெய்தே ஆகவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. தெளிவான வழக்குகளில் ஆயரே நேரில் தீர்ப்பளிக்கவும் வழி செய்யப்பட்டது.

மூன்று ஆயர்களின் மடல்

முதல் மணம் செல்லாதது என்று நிறுவ இயலாமல், இரண்டாம் மணத்தில் பிள்ளைகளையும் பெற்று வளர்ப்பவர்களின் நிலை என்ன? கடந்த நாற்பது ஆண்டுகளில் திருச்சபையை வெகுவாக வாட்டிய வினா இதுவே.

1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், முதல் மணத்தைக் காக்க மெய்யாகவே முயன்று அநியாயமாகக் கைவிடப்பட்டவரையும், தம் பெருங்குற்றத்தால் அதனை அழித்தவரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்று குருமாருக்கு அறிவுறுத்தினார். ஆயினும் இரண்டாம் மணத்தில் வாழ்வோர், தம்பதியராக அன்றி உடன்பிறந்தார்போல் வாழ உறுதிகொண்டாலன்றி நற்கருணை பெற இயலாது என்ற விதியை அவர் தளர்த்தவில்லை.

1993ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஆயர்களான ஒஸ்கார் சையர், கார்ள் லேமன், வால்ற்றர் கஸ்பர் ஆகிய மூவரும் ஒரு மடல் வெளியிட்டனர். பொதுவான அனுமதி வழங்க இயலாது. ஆனால் குருவானவருடன் உரையாடித் தம் நிலையை நேர்மையாக ஆராய்ந்த ஒருவர், மனச்சாட்சியின்படி நற்கருணையை அணுகினால் அதனை மதிக்கலாம் என்பது அவர்களின் கருத்து. மறு ஆண்டிலேயே உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதனை மறுத்தது. மறுப்பில் ஒப்பமிட்டவர், பிற்காலத்தில் பாப்பரசரான கர்தினால் ராற்சிங்கர். மணம் ஒருவருடைய அந்தரங்க விஷயம் மட்டுமன்று. அது திருச்சபை முழுவதற்கும் உரியது. ஆகவே தன் மணம் செல்லாதென்று தனியொருவர் தாமே தீர்ப்பளிக்கலாகாது என்பது அவர்கள் காட்டிய நியாயம்.

ஆனால் வினா மடியவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் கூடிய ஆயர் மன்றங்கள் இதனை விரிவாக விவாதித்தன. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்ச்சி' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஊக்கவுரை வெளியிட்டார். மணம் முறிக்கவொண்ணாதது என்ற போதனையை அது மாற்றவில்லை. ஒவ்வொருவர் நிலையையும் குருவானவர் துணையுடன் தனித்தனியே ஆராய வேண்டும் என்றும், சில வேளைகளில் திருவருட்சாதனங்களின் உதவியும் கிட்டலாம் என்றும் கூறியது. அதே ஆண்டில் நான்கு கர்தினால்மார் தங்கள் ஐயங்களை ஐந்து வினாக்களாக எழுதிக் கேட்டனர். இன்றும் இவ்விஷயத்தில் கருத்து வேற்றுமை உண்டு.

மனச்சாட்சி தன்னிச்சையா?

இவ்வளவு வாதங்களுக்கும் நடுவே நிற்பது மனச்சாட்சி என்னும் ஒரு சொல். மனிதன் இறைவனுடன் தனித்திருக்கும் அந்தரங்கக் கோவில் அதுவென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விளக்கியது. மனச்சாட்சியின் உரிமையென்று பேசுவோர் பலர் தம் விருப்பத்தின் உரிமையையே கருதுகின்றனர் என, பின்னாளில் கர்தினாலான நியூமன் 1875இலேயே எச்சரித்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னன் தன் மணத்தை விலக்கி மறுமணம் புரிந்தபோது, அதனையொட்டி எழுந்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தோமஸ் மோர், 1535இல் தலையை இழந்தார். அவருக்கு மனச்சாட்சி வசதியான வழியைக் காட்டவில்லை.

2016ஆம் ஆண்டின் ஊக்கவுரையும் மனச்சாட்சியை எளிதில் விட்டுவிடவில்லை. இரண்டாம் மணத்தில் வாழ்பவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்களை அது எடுத்துரைக்கின்றது. இல்லறம் தள்ளாடியபோது பிள்ளைகளை எவ்வாறு நடத்தினேன்? சமாதானமாக முயன்றேனா? என்னால் கைவிடப்பட்டவர் இன்று எந்நிலையில் இருக்கின்றார்? என் புதிய வாழ்வு குடும்பத்தின் ஏனையோரை எவ்வாறு பாதித்தது? இவ்வினாக்களுக்கு உள்ளபடி விடை கூறுவது, சட்டத்துக்குத் தலைவணங்குவதினும் கடினமாக இருத்தல் கூடும்.

குடும்பத்தார் கடமை

இவ்விசாரணை, சம்பந்தப்பட்டவர் இறைவன் முன்னிலையிலே குருவானவர் துணையுடன் நடத்தவேண்டியது. அதில் அயலாருக்கு நீதிபதி ஆசனம் இல்லை. அப்பெண் ஏன் நற்கருணைக்குப் போகவில்லை, இவர் ஏன் போகின்றார் என்று பூசை முடிந்து வாசலில் நின்று ஆராய்வது பக்தியாகாது. மணம் முறிந்த வீட்டின் பிள்ளைகளிடம் தந்தையைப் பற்றியோ தாயைப் பற்றியோ இழிவாகப் பேசுவதும், அவர்களைப் பணயமாக வைத்துப் பெற்றோர் வழக்காடுவதும் பெருங்கொடுமை.

கைவிடப்பட்ட சகோதரியிடம் அவள் விலக்கப்பட்டவள் அல்லள் என்ற உண்மையை எடுத்துரைப்பதும், பூசைக்குச் செல்லும்போது அவளையும் அழைத்துச் சென்று அருகே அமர்வதும் நம்மால் ஆகக்கூடியவை. தீர்ப்பை இறைவனிடம் விடுவோம். ஆறுதல் கூறும் கடமை நம்முடையது.